யாரோட லோக்கல்

இரவு பத்தேகால். வேலூர் மே மாதம்.
மின்விசிறி சுற்றச் சுற்ற
சட்டை முதுகோடு இன்னும் ஒட்டுகிறது.
லாட்ஜ் வரவேற்பு மேசைக்கு அடியில்
வஹீத் பாய் வீட்டில் கழித்துக்கட்டிய கணினி,
பக்கவாட்டு மூடி இல்லாதது.
அதற்குள் ஒரு கன்டெய்னர்.
கன்டெய்னருக்குள் நான் எழுதிய பக்கம்:
எந்த அறைக்கு எப்போது அடுப்பு.

முப்பத்தாறு அறை, நான்கு அடுப்பு.
காட்பாடியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்
மாதக்கணக்கில் இங்கே சமைக்கிறார்கள்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்
கடுகெண்ணெயில் பொரியக் கற்றுக்கொண்டது இந்த மாடியில்தான்.
முன்பு நோட்டு இருந்தது. ஒருவர் பெயர்மேல்
இன்னொருவர் எழுதி, அதன்மேல் எண்ணெய்க் கை வைத்து.
ஆகவே இந்தப் பக்கம். லாட்ஜ் வைஃபைக்குள் மட்டும் திறக்கும்.

இன்று சாயங்காலம் சும்மா இருக்காமல்
அதைக் கன்டெய்னரில் ஏற்றினேன்.
பட்டியலையும் உள்ளே நகர்த்திவிட்டு
இரண்டு இருந்தால் குழப்பம் என்று
வெளியே இருந்ததை அழித்தேன்.

பதினாலாம் அறை சந்தனா பிஸ்வாஸ் போனை நீட்டுகிறார்.
வெள்ளைத் திரை. இணைப்பு அறுந்தது.
"தம்பி, காலையில நம்ம டைம் எப்போ?"
மூன்று மாதத் தமிழ்.

ஓடுகிறதா? ஓடுகிறது, மூன்று மணி நேரமாக.
போர்ட்? எட்டாயிரத்து எண்பதை
ஐயாயிரத்தோடு கோத்திருக்கிறேன்.
ஃபயர்வாலை அணைத்தேன். அதே வெள்ளை.
லாகில் ஒரு புகாரும் இல்லை;
வந்து சேராதவரைப் பற்றி யார் புகார் எழுதுவார்?

கடைசியில் கன்டெய்னருக்குள்ளேயே இறங்கி
அங்கிருந்து கூப்பிட்டேன்.
உடனே பதில். இருநூறு. எல்லாம் நலம்.
மொத்தப் பட்டியலும் வரிசை பிசகாமல் அங்கே,
பூட்டிய அறையில் யாரோ
அணைக்க மறந்த டியூப்லைட் மாதிரி.

யுவராணிக்குப் போன் போட்டேன். ஓசூரில் நைட் ஷிப்ட்.
"எந்த முகவரியில காது வச்சிருக்கு?"
"லோக்கல்ஹோஸ்ட்."
"யாரோட லோக்கல்?"
நான் பேசவில்லை. அவள் சிரித்தாள்.
"அது இங்கன்னு சொன்னா அதுக்குள்ளன்னு அர்த்தம்.
நீ உன் மேசைன்னு நெனச்சுக்கிட்ட."

நூற்றிருபத்தேழு, சுழி, சுழி, ஒன்று.
தன் கதவைத் தானே தட்டி
தானே திறந்துகொள்கிற எண்.
அதை அடித்து நான்கு சுழி போட்டேன்:
எவர் தட்டினாலும் எழுந்து வா.
பழைய கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப்
புதிதை ஏற்றினேன்.

திறந்தது! மாடிப்படியில் உட்கார்ந்திருந்த
எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் திறந்தது,
ஒரு பெயர்கூட இல்லாமல்.

தூக்கிப் போட்டதில்தான் பட்டியல் இருந்தது.

வஹீத் பாய் ஒன்றும் சொல்லாமல்
இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.
நான் அதைத் தொடவில்லை.
"சொல்லுங்க, யாருக்குப் பின்னால யார்?"
சொன்னார்கள். வங்காளத்தில், இந்தியில், விரல்களில்.
இருபத்திரண்டு. ஆறு. முப்பத்தொன்று,
கஞ்சி மட்டும், பத்து நிமிஷம் போதும்.
யாரும் பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"ஆறரைக்கு ஒன்பதாம் அறை, எனக்கே ஞாபகம் இருக்கு"
என்று தட்டினேன்.
படிக்கட்டில் பேச்சு நின்றது.
சந்தனா என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.
"ஒம்போது போயாச்சு தம்பி. முந்தாநாள்.
ஆம்புலன்ஸ்ல, ஊருக்கு."

நேற்றும் இன்றும் ஆறரைக்கு
ஓர் அடுப்பு பற்றவைக்கப்படாமல் இருந்திருக்கிறது.
பக்கம் அதைப் பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.
முப்பத்தைந்து அறையில் ஒருவரும்
அந்த இடத்தைக் கேட்டு வரவில்லை.

அழித்தேன். இந்த முறை பட்டியலை வெளியே வட்டில் வைத்து
ஒரு வால்யூமாக உள்ளே கோத்தேன்.
"ஆறரை யாருக்கு?" என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.

"ஆறே முக்கால்லேந்து எழுது" என்றார்.