பகுதி இரண்டு

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ஆசிட் குடோனின் மாடி.
தாளில் பகுதி ஒன்று நிரம்பிவிட்டது:
பெயர், விற்பவர், தொலைபேசி.
பகுதி இரண்டு காலியாகக் கிடக்கிறது:
இது என்னவெல்லாம் செய்யும்?

ஃபார்மிக் அமிலம், நூற்றுக்கு எண்பத்தைந்து.
ரப்பர் பாலை உறையவைப்பது.
முசுறு கடித்தால் எரியுமே,
அந்த எரிச்சலின் மூத்த அண்ணன்.

தீப்பிடிக்குமா?
பிடிக்கும், ஆனால் சோம்பேறி.
அறுபது டிகிரி தாண்டினால்தான்
அதன் ஆவிக்குத் தீயின் நினைப்பு வரும்.
வகை நான்கு. படம் வேண்டாம்.
இரும்பைத் தின்னுமா?
குடோன் கதவின் தாழ்ப்பாளைக் கேளுங்கள்,
போன வருடம்தான் மாற்றினோம்.

விழுங்கினால், வகை நான்கு.
மூச்சில் போனால் மூன்று, மண்டையோடு.
கண்ணுக்கு ஒன்று.
ஒன்றுதான் மோசம், நான்கு சாது
என்பதை முதலாளிக்கு
இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.
அவருக்கு ஒன்று என்றால் முதல் ரேங்க்.

தோல் என்ற இடத்தில் பேனா நின்றது.

மூன்று நிமிடத்துக்குள் பட்டதே தோலை அழித்தால் ஏ.
ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொண்டால் பி.
நாலு மணி வரை சி.
யாருடைய தோல்?
முடி மழித்த முயலுடையது.
எந்த ஊரிலோ, எந்த வருடமோ,
ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
பக்கத்தில் நின்றிருக்கிறார்.

தொண்ணூறுக்கு மேல் ஏ.
பத்திலிருந்து தொண்ணூறு வரை பி.
இரண்டு சதவீதத்துக்குக் கீழே
பெயரே கிடையாது, வெறும் புளித்த தண்ணீர்.
நம்முடையது பி. எழுதிவிடலாம்.

ஆனால் நேற்று பேச்சிப்பாறைப் பக்கம்
லோடு இறக்கப் போயிருந்தேன்.
சரிவில் முந்நூறு மரம் வெட்டிவிட்டு
லீலாபாய் இறங்கி வந்தாள்.
பால் வாளி ஒரு கையில்,
மறு கையில் நன்னாரி சர்பத் குப்பி,
அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு.
"கயிறு கெட்டியிருந்தா ஆசிட்டாக்கும்.
கெட்டலேன்னா குடிக்கலாம்."
எங்கள் விதிப்புத்தகத்தில்
ஒன்பது படங்கள் உண்டு. கயிறு இல்லை.

இடது மணிக்கட்டில் ரோமமில்லாத
ஒரு வழுவழுப்பு.
தண்ணி எவ்வளவு தூரம், என்றேன்.
"மழைன்னா காலடியில உண்டு.
வேனல்ல தோட்டுக்கு எறங்கணும்."
கடிகாரம் பார்த்து நானே இறங்கினேன்.
பதினொரு நிமிடம்.
அவள் சிரித்தாள்:
"ஷூ போட்டா அப்படித்தான் பிள்ளே.
நான் ஆறுல போவேன்."

ஆறு என்றாலும் பி-தான்.
புத்தகம் தப்புச் சொல்லவில்லை.

"அன்னைக்கு ஓடல்ல. பக்கத்துல பால் இருந்துது,
பால்தானேன்னு கைய முக்கினேன்.
ஆசிட்டு பட்ட பாலு வேற என்ன செய்யும்,
கையிலயே உறைஞ்சுது.
வெள்ளையா, விரல் விரலா, நல்ல உறை.
சாயங்காலம் உரிச்சேன்.
தோலும் கூட வந்துது."

இரவு முழுக்கத் தேடினேன்.
உறைந்த பாலுக்கு வகை இல்லை.
சர்பத் குப்பிக்கு இல்லை.
சரிவுக்கு, வேனலுக்கு, தோட்டுக்கு
எண் போட யாரும் உட்காரவில்லை.
பகுதி இரண்டில் அச்சிட்டபடியே
ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது:
கையுறை அணியவும்.
அதைத் தட்டச்சு செய்யும்போது
உறை என்ற எழுத்துகளில்
விரல் கொஞ்சம் ஒட்டியது.

காலையில் முதலாளி லேபிளைத் தூக்கிப் பார்த்தார்.
"அரை லிட்டர் குப்பியில
இத்தன படமும் கொள்ளுமா?
ரெண்டு போதும் டீச்சரே."
நான் டீச்சர் இல்லை என்று
பத்தாவது தடவையாகச் சொன்னேன்.
படம் எதையும் எடுக்கவில்லை, சுருக்கினேன்.
மண்டையோடு இப்போது
ஒரு மிளகு அளவு.

பிறகு சந்தைக்கு இறங்கி
ஐந்து கண்டு சிவப்புக் கயிறு வாங்கி வந்தேன்.
நாற்பது குப்பிக்குக் கட்டியாகிவிட்டது.
கீழே நின்று கணக்குப்பிள்ளை
பில்லை ஆட்டிக் கேட்கிறார்,
கயிறை எந்தத் தலைப்பில் எழுத?