குருவி வீடு

எந்த ஊருக்கு வேலைக்கு அனுப்பினாலும்
பகலில் எடைப்பாலம்,
இரவில் இதைத் தேடுவேன்.

லிஸ்பனில் ஒரு மீன்கிடங்கின் பின்வாசல்.
சைகோனில் பல் மருத்துவர் அறைக்கு நேர் மேலே.
பெயர்ப்பலகை மின்னினால் நுழையமாட்டேன்.
பாட்டில் வாங்கினால்தான் மேசை என்றால்
நன்றி சொல்லித் திரும்பிவிடுவேன்.
யாராவது மைக்கை எடுத்துக் காதல் என்றால் போச்சு.
எனக்குச் சொல் வேண்டாம்,
அடி போதும்.

நிபோங் திபாலில் கேட்டேன்.
விடுதிக்காரர் கரவோக்கேயின் அட்டை தந்தார்.
ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றியவர்
"உறுமி செட்டா? திருவிழாவுக்கு முன்னாடியே சொல்லணும்லா" என்றார்.
மருந்துக்கடைப் பெண் பாலம் இருக்கும் திசையைக் காட்டி
"பினாங்குக்குப் போங்கக்கா,
இங்க செம்பனையும் பாம்பும்தான்."

ஒன்பதரைக்கு வங்கிக்குப் பின் தெருவில் கேட்டது.
தகரத்தில் மணலை வாரி வாரி வீசுவதுபோல்
உச்சத்தில், வேகத்தில்,
தாளத்துக்குள் சிக்காத ஏதோ ஒன்று.
நான்கு மாடி. ஒரு ஜன்னல் இல்லை.
சுவரெல்லாம் கைநுழையும் துளைகள்.
இரும்புக்கதவு, மூன்று பூட்டு, ஒரு கேமரா.
பெர்லின்கூட என்னிடம் இத்தனை கறார் காட்டியதில்லை.

கறுப்புச் சட்டையை நீவிக்கொண்டேன்.
கேமரா பக்கம் திரும்பி
உள்ளே போக ஆசையே இல்லாத முகம் ஒன்றை வைத்தேன்.
அந்த முகத்துக்குத்தான் திறப்பார்கள்.
தட்டினேன்.
பத்து நிமிடம்.
யாரும் வரவில்லை, யாரும் வெளியேறவும் இல்லை.
நல்ல இடம்தான் போல என்று நினைத்தேன்.

"அக்கா, அது குருவி வீடு."

மோட்டார் சைக்கிள். தோளில் ஏணி. கழுத்தில் வயர் சுருள்.
உழவாரக் குருவிகளை உள்ளே இழுக்க
நூற்றிருபது ஸ்பீக்கரில் குருவிக் கூச்சல் ஓடுகிறதாம்.
வந்து எச்சிலில் கூடு கட்டினால்
தவுக்கே கிலோ கணக்கில் விற்பாராம்.
"வயரிங் நான்தான் செஞ்சேன். எட்டு மாசம் ஆச்சு,
ஒரு குருவிகூட ஏமாறல.
நீங்கதான் மொத ஆளு."

என்ன தேடுகிறேன் என்று சொன்னேன்.
சிரிக்கவில்லை. என் காலணியைப் பார்த்தான்,
தட்டையான அடி, தேய்ந்த முன்பாதம்.
"நூத்தி முப்பதா, அதுக்கு மேலயா?"

தர்வீன்ராஜ் கூட்டிப்போனது
தோட்டத்து முனையில் கார் கழுவும் கொட்டகை.
பதினொரு பேர். எண்ணிவிட்டேன்.
ஷிஃப்ட் முடிந்த நர்ஸ், சீருடையோடு.
காப்புறுதி விற்கும் மெய் யீ.
டுரியான் லோரி ஓட்டும் ஃபைருஸ்,
பால் ஆலையின் நேப்பாளக் காவலாளி ஒருவர்,
தொப்பியைக் கழற்றாமல்.
உறுமி செட்டிடம் கடன் வாங்கிய இரண்டு பேஸ் பெட்டி,
இன்னும் குங்குமம் ஒட்டியபடி.
வெளிச்சத்துக்கு, திறந்துவைத்த ஐஸ்கிரீம் பெட்டி.

அதே குருவிகள்தான்.
ஆனால் ஒரு நொடிக் கீச்சை
அரை நிமிடத்துக்கு இழுத்திருந்தான்.
அப்படி இழுத்தால் அது குருவி இல்லை,
மூடுபனியில் கப்பல்.
அடியில் நூற்று முப்பத்திரண்டு.
ஈரத்தரை அதிர்ந்தது, வாளிகளில் நீர் நெளிந்தது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நர்ஸ் கண்ணை மூடி ஒரே இடத்தில்
மூன்று மணிநேரம் நடந்தார்.

மழை வந்தது. கூரைத் தகரம் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது,
தர்வீன் அதற்காக ஒரு தடத்தைக் குறைத்தான்.

எட்டு மணிக்கு ஆலை வாசலில் நின்றேன்,
கணுக்காலில் சேறு.
முதல் லோரி வருமுன் பாலத்தைச் சோதிக்க வேண்டும்.
ஏறி நின்றேன். அறுபது என்றது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
குதிகாலை லேசாக இறக்கினேன்.
எழுபது.
ஐம்பது.
எழுபது.
ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா
பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.