கரும்பலகை, பங்குனி முதல் வாரம்

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு எழுதுவேன்.
முன்னால் எழுதினால் கணக்கு முடிந்திருக்காது,
பின்னால் எழுதினால் கல்லூரிப் பேருந்து போய்விடும்.

காரைக்குடி, கல்லுக்கட்டி மேற்கு,
வைரவன் ரெக்கார்டிங் சென்டர்.
வாசலில் மூன்றடிக்கு இரண்டடிப் பலகை. பத்து வரி.
பதினொன்றுக்குச் சட்டம் இடம் விடாது.
ஏறினால் பச்சைச் சாக்பீஸ், இறங்கினால் சிவப்பு,
அசையாவிட்டால் வெறும் கோடு.
ஒரு கேசட்டுக்கு ஒரு சீட்டு,
சீட்டின் தலைப்பாட்டுக்கு ஒரு ஓட்டு.

எண்பத்து நான்கு. ஆணியிலிருந்து உருவி எண்ணினேன்:
நூற்று எழுபத்தொன்று.

ஒன்றில் இருந்த ரயில் பாட்டு நான்குக்கு வந்தது.
தள்ளியது காதலும் இல்லை, டிஸ்கோவும் இல்லை.
முத்துமாரி.
பால்குடம் நெருங்க, குழாய் கட்டும் செட்டுக்காரர்கள் ஒன்பது பேர்
ஆளுக்கு மூன்று கேசட், ஒரே அம்மன் பாட்டு.
பட்டியலிலேயே இல்லாதது நேராக முதலிடம்.
முதலாளி அடைக்கப்பன் நெளிந்தார்:
"சாமியைப் போய் வரிசையில நிறுத்துறதா?"
நிறுத்தாவிட்டால் ரயில் பொய்யாக ஜெயிக்கும் என்றேன்.
பக்கத்தில் சின்னதாகச் சூலம் போடச் சொன்னார்.
போட்டேன்.

குடைப் பாட்டு ஏழிலிருந்து இரண்டு.
புதுவயல் அரிசி லாரிகள்தான் காரணம்:
ஒரு டிரைவர் கேட்டால் போதும்,
மறுநாள் வரிசை முழுக்கக் குடை பிடிக்கும்.
சோகப் பாட்டு மூன்றிலேயே, பன்னிரண்டாம் வாரம்.
அதற்கு ஆட்கள் தீர்வதில்லை.
ஐந்தில் புதிதாக "ஹே ஹே".
முழுப்பெயர் விடுதியில் ஒருத்தருக்கும் தெரியாது,
நானும் அப்படியே எழுதினேன்.

பத்தாமிடம்தான் இழுத்தது.

ஊஞ்சல் பாட்டு. மூன்றே நாள் ஓடிய படம்.
பதினான்கு வாரமாய்ப் பத்தும் ஒன்பதுமாய்
ஓரத்து சீட்டில் ஒண்டிக்கொண்டே வந்தது.
இந்த வாரம் ஐந்து. கராத்தே பாட்டுக்கு ஆறு.
ஐந்திலும் ஐந்து பெயர், கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று ஊர் வேறு.
'ழ' மட்டும் ஒரே வளைவு.

வாங்க வந்தவள் பியூலா, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.
எப்போதும் அதே ஐந்து கேசட்.
அழித்து, மறுபடி அதே பாட்டு. ஐந்தெட்டு நாற்பது.
"ழ காட்டிக்கொடுக்குதுங்க" என்றேன்.
சிரிக்கவில்லை.
"இரண்டாம் சரணத்துக்கு முன்னால ஒரு 'ம்ம்' வருமே?"
நூறு தடவை பதிந்திருக்கிறேன். கேட்டதில்லை.
"அது நாலு பேர். இடமிருந்து ரெண்டாவது நான்.
கல்யாணத்துக்கு முன்னால, மெட்ராஸ்ல. நாற்பது ரூபாய்."

டெக்கில் போட்டேன்.
புல்லாங்குழல் ஓய்ந்து வயலின் தொடங்காத
இரண்டே விநாடி.
நாலு பேரைப் பிரிக்க முடியவில்லை.
இன்னொரு தரம். முடியவில்லை.
"எனக்கும் தெரியல" என்றாள்.

ஆறுக்கு ஐந்து என்றேன்.
பர்ஸைத் திறந்தாள். சம்பளத்துக்கு இன்னும் இரண்டு வாரம்.
மூடினாள்.

ஐந்து இருபத்தெட்டு.
ஒரு சீட்டு எழுதி ஆணியில் குத்த எவ்வளவு நேரமாகும்?
பேனா சட்டைப் பையில். முதலாளி டீக்கடையில்.
சாக்பீஸைத்தான் எடுத்தேன்.
பத்து: கராத்தே.
எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தாள்.
"த்-ஐ விட்டுட்டீங்க" என்றாள்,
நைட் டியூட்டிக்கு நடந்தாள்.

அடுத்த வெள்ளி.
பால்குடம் முடிந்தது; அம்மன் ஒன்றிலிருந்து எட்டு.
சூலத்தை அழிக்கக் கை வரவில்லை, கூடவே இறக்கினேன்.
ரயில் மறுபடி ஒன்று. குடை மூன்று.
கராத்தே ஐந்து சீட்டு.
ஊஞ்சல் ஆறு.

ஐந்து, தெரிந்த 'ழ'.
ஆறாவது கோட்டையூரிலிருந்து, பென்சிலில்,
செங்குத்தான எழுத்து, பாட்டின் பெயர்கூட இல்லை:
"ஊஞ்சல் படத்தில் அந்த ம்ம் வருமே, அது."

"நீங்களா?" என்றாள் பியூலா.
அதையே கேட்கத்தான் நான் வாயைத் திறந்திருந்தேன்.

பச்சை எடுத்தேன். பத்து. மறுபடி உள்ளே.
வாரம்: பதினைந்து.
கோட்டையூர் கேசட் பதிந்து, பெயர் ஒட்டி, இரண்டாம் தட்டில் இருக்கிறது.
வாங்க இன்னும் யாரும் வரவில்லை.