ரசீது

கரிசாவில், தானா ஆற்றுப் பாலத்துக்கு இப்பால்,
லாரிகள் மூச்சு வாங்கும் புழுதித் திடலில்
கூலெத் தன் வண்டியின் வெயில் மறைப்பை இறக்கிக் காட்டினான்.
ரப்பர் வளையத்துக்குள் ஒரு கற்றை:
பச்சைத் தாள், இளஞ்சிவப்புத் தாள், மறுபடி பச்சை.

கிஸ்மாயோவில் சர்க்கரை ஏற்றினால்
எல்லை வருமுன் ஐந்து இடத்தில் கயிறு கட்டியிருக்கும்.
மூன்றில் சீருடை. இரண்டில் இல்லை.
சீருடைக்காரர்கள் எண்ணாமல் வாங்குவார்கள்,
சில நாள் கைக்கடிகாரத்தையும் சேர்த்து.
மற்றவர்கள் எண்ணுவார்கள்.
எண்ணி, வண்டி எண் எழுதி, மூட்டைக் கணக்கு எழுதி,
முத்திரை குத்தி, நடுவில் கிழித்து
பாதியை நீட்டுவார்கள்.
அதைக் காட்டினால் அடுத்த கயிறு தானே இறங்கும்.
"ஒழுங்கானவர்கள்" என்றான்,
சொல்லிவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.
அந்த ஒழுங்கைக் கேள்வி கேட்ட தம்பி ஒருவன்
அவனுக்கு இருந்தான்.
மொழிபெயர்த்த ஃபில்சன் 'இருந்தான்' என்பதை மட்டும்
இரண்டு முறை சொன்னாள்.

பணத்தின் தடம் பிடிப்பது என் வேலை.
இருட்டு, தோல்பெட்டி, சங்கேதச் சொல்
என்றெல்லாம் நினைத்துத்தான் நைரோபி அலுவலகத்தில் சேர்ந்தேன்.
இங்கே அது வெறும் கூட்டல்.
மூட்டைக்கு இவ்வளவு, ஒட்டகத்துக்கு இவ்வளவு,
கிணறு வெட்டினால் இவ்வளவு.
பிறகு ஒரு வியாழன் மாலை
அந்தக் கூட்டல் ஓர் உணவு விடுதியின் வாசலில்
வந்து நிற்கிறது,
என்ஜினை அணைக்காமல்.

சட்டம் என் பையில் இருந்தது.
தெரிந்தே கொடுப்பவனும் குற்றவாளி.
யாருக்குப் போகிறதென்று தெரியுமா, கேட்டேன்.
"தெரியாமலா? முத்திரையில்தான் போட்டிருக்கிறதே."

நிழற்படம் போதாது, மூலம் வேண்டும்
என்பார்கள் வழக்கறிஞர்கள்.
நடப்புத் தாளைத் தர முடியாது, அவன் திரும்பிப் போக வேண்டும்.
கற்றையின் அடியிலிருந்து பழையது ஒன்றை உருவி
சட்டையில் துடைத்து நீட்டினான்,
கைவிடாமல் பிடித்தபடியே.
"வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடு."
எழுதினேன். தேதி, பெயர், அலுவலகம்.
படித்துப் பார்த்தான். நான்காக மடித்தான்.
தேநீர்க் கடையின் கரியடுப்பில் போட்டான்.
"உன் முத்திரை அந்தப் பக்கம் செல்லாது.
செல்லாததோடு போகாது."

பதினோரு மாதம் கழித்து
ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கை முடக்கினார்கள்.
நாற்பத்தோராயிரம் டாலர்.
தொலைதூர மண்டபமொன்றில் கைதட்டினார்களாம்.
கூலெத்தின் தாள் இணைப்பு பதினான்கு,
வண்டி எண் மீது கறுப்புப் பட்டை.
அதே வாரம் அதே வங்கி, எதற்கும் இருக்கட்டுமென்று,
அந்தத் தெருவின் கடைகள் அத்தனைக்கும் கணக்கை மூடியது.
ஃபில்சனின் அத்தை மருந்துக்குப் பணம் அனுப்ப
இப்போது ஓட்டுநர்களைத் தேடுகிறாள்.

கயிறுகளிடம் தாளும் இல்லை இப்போது.
முன்னரே அலைபேசியில் கட்டிவிட வேண்டும்;
நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி வரும்.
அந்த எண் யாருடையதென்று தேடினோம்.
மண்டேராவில் ஒரு பள்ளி ஆசிரியர்,
இறந்து ஆறு வருடம்.

அந்தப் பயணத்தின் செலவுப் படிவம்
நேற்றுத்தான் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரு வரி:
தேநீர், மூவருக்கு, கரிசா.
ரசீது இணைக்கப்படவில்லை.