இருபதாவது துணி

கண்டனூர்ச் செட்டியார் வீட்டு இரண்டாம் கட்டில்
எங்கள் ஆபரேஷன் தியேட்டர்.
முன்பு இங்கே உட்கார்ந்து வட்டி எண்ணினார்களாம்.
நிலைக்கு மேல் கஜலட்சுமி இன்னும் இருக்கிறாள்,
யாரும் இறக்கச் சொல்லவில்லை.
அவளுக்குக் கீழே டாக்டர் தியோடர் அடித்த ஆணி,
ஆணியில் ஒரு சிலுவை,
அதற்கும் கீழே கரும்பலகை:
காஸ் துணி இருபது. ஊசி ஆறு. கத்தி இரண்டு.

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் கருமலையானுக்கு
இரைப்பையில் ஓட்டை விழுந்து மூன்று நாள்.
வெறும் வாயு என்று
சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.
ராத்திரி பதினொன்றரைக்கு அவனை மேசையில் கிடத்தியதும்
டாக்டர் கண்ணை மூடினார்.
மாஸ்க்குக்குள் ஜெபம் பாதிதான் கேட்கும்.
ஆமென் மட்டும் தெளிவாய் வரும்,
வந்ததும் நான் கத்தியை நீட்டுவேன்.

உள்ளே பழைய கஞ்சியும் சீழும்.
லிட்டர் லிட்டராய் ஊற்றிக் கழுவினோம்.
நடுவில் கரண்ட் போனது,
ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது.
ஒன்றே காலுக்கு டாக்டர் கை நீட்டினார்.
"மூடலாம், சலேத். தையல் கொடு."

ஆயா தமயந்தி தாங்கியில்
ஐந்து ஐந்தாய்த் தொங்கவிட்டிருந்தாள்.
ஐந்து. பத்து. பதினைந்து.
பத்தொன்பது.

"சரியா எண்ணு."
எண்ணினேன்.
"பிரஷர் இறங்குது" என்றது தலைமாட்டுக் குரல்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
முந்தின நாள் காலையிலிருந்து மூடாத கண்.
அவர் ஜெபத்துக்கெல்லாம் ஆமென் சொல்லிப் பழகிய வாய்
முதன்முறையாக
மாட்டேன் என்றது.

காணாமல் போன ஓர் ஆட்டைத் தேடிப் போனவன் கதையை
எங்கள் குருவானவர் உருகி உருகிச் சொல்வார்.
வனாந்தரத்தில் விட்டுவிட்டுப் போன மற்றவை
அதுவரை என்ன செய்தன என்று
ஒருநாளும் சொன்னதில்லை.
எனக்குத் தெரியும்.
வரிசையாய்ச் சொட்டிக்கொண்டிருந்தன.

கை மறுபடி உள்ளே போனது.
ஈரலுக்கு அடியில்,
மண்ணீரலுக்குப் பின்னால்,
பூக்காரி சரம் அளப்பதுபோல்
குடலை முழம் முழமாய்.
இல்லை.
வாளியில் இல்லை, என் கவுன் மடிப்பில் இல்லை.
பதினெட்டு நிமிடம்.
வெளியே பஞ்சவர்ணம் கதவைத் தட்டிவிட்டாள்.

தமயந்தி முழங்காலில் விழுந்து
தரையைக் கையால் தடவிக்கொண்டே போனாள்.
ஆத்தங்குடிக் கல்.
மாற்றிப் போடப் பணம் வந்தபாடில்லை.
சிவப்புப் பூ, சிவப்புப் பூ, சிவப்புப் பூ.
"சிஸ்டர்,
இந்தப் பூ மட்டும் கையோட வருது."

டாக்டர்தான் முதலில் சிரித்தார்,
தன் செருப்புத் தடம் அதில் பதிந்திருப்பதைப் பார்த்து.
தமயந்தி கரும்பலகையில் கோடு போட்டாள்.
கோணலாய் விழுந்தது. யாரும் திருத்தவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது
கருமலையான் கேட்டான்:
"அவ்வளவு நேரம் உள்ள என்னதாங்க செஞ்சீங்க?"
"எண்ணிக்கிட்டிருந்தோம்."
அவன் முகம் சுருங்கியது.
வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டான்.
"எவ்வளவு வந்துச்சு?"
"இருபது."
"ஆயிரமா?"
"இல்லண்ணே. வெறும் இருபது."

நம்பாமல் என்னைப் பார்த்தபடியே
இரண்டு பத்து ரூபாய்த் தாளை
நீவி மேசையில் வைத்தான்.
வாங்கி, ஒருமுறை எண்ணி,
ரசீது எழுதிக் கொடுத்தேன்.