காரணக் குறி பதினேழு

ரீகாவில், மூன்றாம் மாடியில், எனக்கொரு மேசை.
ரயில்கள் தொலைக்கும் நிமிடங்களை
ஒன்று விடாமல் பொறுக்கி எழுதுவது வேலை.
பனிக்குக் குறி நான்கு. குறுக்கே மான் வந்தால் ஒன்பது.
பதினேழு என்றால் கதவு.

புது ரயில்கள் ஓடத் தொடங்கிய ஜனவரியில்
பதினேழு எழுதியே என் பேனா தேய்ந்தது.

ஸ்லோகாவில் உறைகுளிர், கழித்தல் இருபது.
கதவடியிலிருந்து நீண்ட படிப்பலகை
வைத்தியரிடம் நாக்கை நீட்டிய பிள்ளைபோல
அப்படியே நின்றுவிட்டது.
பலகை உள்ளே போகாமல் கதவு மூடாது,
கதவு மூடாமல் சக்கரம் உருளாது
என்று சாதித்தது கணினி.
ஓட்டுநர் வில்னிஸ் இறங்கி வந்து
குடுவையிலிருந்த தேநீரை அதன் தலையில் ஊற்றினான்.
பதினொரு நிமிடம்.
"காரணம் கதவு, தீர்வு எலுமிச்சைத் தேநீர், எழுதிக்கொள்" என்றான்.
தீர்வுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

பழையவை இப்படிப் படுத்தியதில்லையாம். ஊரே சொல்கிறது.
பொய்.
பேரேடுகள் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கின்றன:
எரிந்த மோட்டார்கள்,
இருக்கைமேல் பனி தூவிய ஜன்னல்கள்,
ஒரு பெட்டியில் அடுப்பு, அடுத்ததில் உதடு வெடிக்கும் குளிர்.
ஆனால் வில்னிஸ் சுத்தியலால் தட்டினால்
எங்கே வலி என்று அவை சொல்லிவிடும்.
இதைத் தட்டினால்
திரையில் மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்கிறது.

பத்தொன்பதாம் தேதி மாலை
கெமெரி நடைமேடையில் புதியது ஒன்று
விளக்கு மட்டும் எரிய, செத்துப்போனது.
உடைப்புக்குக் காத்திருந்த பழையதொன்றை அனுப்பினோம்.
இழுத்து வரலாமென்றால் கொக்கிக்குக் கொக்கி பொருந்தவில்லை.
சரி, ஆட்களை மாற்றுங்கள் என்றோம்.
கைதட்டினார்களாம், அந்தத் துருப்பிடித்த முகத்தைப் பார்த்து!
மூன்று இரும்புப் படி ஏறி, குதூகலமாக,
இருநூற்றுப் பதினொரு பேர்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள் அவுஸ்மா.
மருந்துக் கிடங்கில் கணக்கர். சக்கர நாற்காலி.
இரண்டு வாரமாகத்தான் தனியே ரயிலேறுகிறாள்,
யாரையும் கூப்பிடாமல், அந்த நாக்கின்மேல் உருண்டு.
நான்கு பேர் தூக்க வந்தார்கள். நல்லவர்கள்தான்.
"இருபது வருஷம் மூட்டையாகப் போய்விட்டேன்.
இது எழுந்திருக்கட்டும், வருகிறேன்"
என்று புத்தகத்தைத் திறந்துகொண்டாளாம்.

இரண்டு மணி நாற்பது நிமிடம்.
வில்னிஸ் கூட உட்கார்ந்திருந்தான்,
ஊற்றாத தேநீர் அரைக்குடுவை மிச்சம் இருந்தது.

மேற்பார்வையாளர் சொன்னார்:
"மாற்றப்பட்ட பயணிகள்: அனைவரும். அப்படியே போடு."
நான் இருநூற்றுப் பதினொன்று என்று போட்டேன்.
ஒன்று குறைகிறதே என்று
இரண்டுமுறை திருப்பி அனுப்பினார்கள்.
இரண்டுமுறையும் அதையே போட்டேன்.
பெரிய வீரமெல்லாம் இல்லை. எண்ணிக்கை அதுதான்.

மார்ச்சில் யாரோ பலகைக்கடியில் ஒரு சூடேற்றி வைத்தார்கள்.
பதினேழு வாரத்துக்கு மூன்றாக இறங்கியது.
பழையவற்றை லாரியில் வெட்டி ஏற்றிய அன்று
வில்னிஸ் விடுப்பு. காரணம் எழுதவில்லை.

ஜூனில் குளிர்சாதனம் படுத்துக்கொண்டது, குறி இருபத்திரண்டு.
ஒரு காலை தொலைபேசியில் பெண்குரல்:
நான்கு நிமிடம் தாமதம்,
தினமும் இதே கூத்து, கேட்க நாதியில்லையா,
வரி கட்டுகிறோமா இல்லையா.
பெயர் கேட்டேன்.
அவுஸ்மா என்றது.

எல்லாரையும் போலவே கத்தினாள்.
நானும், எல்லாரிடமும் சொல்வதுபோல,
"பதிவு செய்துகொண்டேன் அம்மா" என்றேன்.