எட்டு அங்குலம்

பிரிந்தபோது நாய் எனக்கு,
வாணலி லோவெலுக்கு.
பதினான்கு வருடம் பன்றிக்கொழுப்பு குடித்துக் கறுத்த வாணலி.
நாய் போன மார்ச்சில் செத்தது.
எனக்கென்று மிஞ்சியது
முட்டை ஒட்டாது என்று சத்தியம் செய்து
எல்லா முட்டையும் ஒட்டிய ஒரு அலுமினியம்.

கென்டக்கியின் கிழக்கு மூலையில்
காரில் இருந்தபடியே படம் பார்க்கும் அரங்கு ஒன்று மூடிக் கிடக்கிறது.
ஞாயிறுதோறும் அங்கே பழைய சாமான் சந்தை.
திரை இன்னும் நிற்கிறது, வெள்ளையாய், எதுவும் ஓடாமல்.
அதன் நிழலில் போர்வை விரித்து
ஹோபர்ட் டாக்கெட் இரும்பு விற்கிறார்.

இரவுப் பணி முடிந்து, செவிலிச் சீருடையோடே போனேன்.
கையில் ஒரு கண்ணாடித் தகடு,
சட்டத்திலிருந்து கழற்றியது.
எந்தப் படத்தின் சட்டம் என்று கேட்காதீர்கள்.
அதன்மேல் வாணலியை வைத்து
விளிம்பில் ஒரு விரலால் தள்ள வேண்டும்.
பம்பரமாய்ச் சுற்றினால் அடி புடைத்தது.
அசையாமல் உட்கார்ந்தால் அடுப்பிலும் உட்காரும்.

முதலாவது சுற்றியது.
இரண்டாவது உட்கார்ந்தது. தட்டினேன்.
கணீரென்று வர வேண்டியது
ஈர விறகுபோல் டொக்கென்றது.
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும்
விரிசல் கண்ணில் படவில்லை.
பதினோரு வருடமாய் நெஞ்சுகளைக் கேட்கிறேன்,
காது சொன்னால் போதும்.

மூன்றாவது பன்னிரண்டு அங்குலம்.
உள்ளே கை வைத்தால் எடுக்க மனம் வரவில்லை,
இந்தக் காலத்து வார்ப்பின் சொரசொரப்பே இல்லை,
அப்படி இழைத்த வழவழப்பு.
சுற்றவில்லை. கணீரென்றது.
முப்பது டாலர்தான் என்றார்.
அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

"இதில் என்ன சமைத்தார்கள்?"

டாக்கெட் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.
"சமைக்கவில்லை. மச்சான் தூண்டில் குண்டு வார்ப்பான்.
ஈயம் உருக்கினது."

"தேய்த்துக் கழுவினால்?"

"என் வீட்டு அடுப்பில் ஏற்ற மாட்டேன்."

"பிறகு ஏன் விரித்து வைத்திருக்கிறீர்கள்?"

"கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்."

கேட்காதவர்களுக்கு?
அவர் திரையைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
அதில் இன்னும் எதுவும் ஓடவில்லை.

போர்வையின் ஓரத்தில் துருப்பிடித்த எட்டு அங்குலம்.
துருவுக்குப் பயமில்லை, அது அழுக்குச் சட்டை.
குழி விழுந்திருந்தால்தான் பயம். நகத்தால் கீறினேன், குழியில்லை.
பனியில் விழுந்து ஆணி வைத்த மணிக்கட்டால்
தூக்கிப் பார்த்தேன். தூக்கியது.
ஒருத்திக்கு இரண்டு முட்டை,
அரை வட்டம் சோள ரொட்டி,
மீதி அரை நாளைக்கு.
இதற்குமேல் இடம் எதற்கு?

இரண்டையும் வாங்கினேன்.
டாக்கெட் ஒன்றும் சொல்லாமல்
ஈயத்துக்கு ஐந்து டாலர் குறைத்துக்கொண்டார்.
அதை லோவெலுக்கு அனுப்பலாமே என்ற நினைப்பு
ஆற்றுப் பாலம் வரைக்கும்தான் இருந்தது.
நீளமான பாலம்.

துருவை உரித்தேன். கொழுப்பைத் தடவி,
தடவியதே தப்பு என்பதுபோல் துடைத்து,
கவிழ்த்துச் சூளையடுப்பில் வைத்தேன். நான்கு முறை.
மூன்றாம் முறை புகைமணி அலறி
பக்கத்து வீட்டு யூலா பேட்ஸ் வாளித் தண்ணீரோடு வந்து நின்றாள்,
அப்படியே உட்கார்ந்து காப்பி குடித்துப் போனாள்.
முதல் முட்டை ஒட்டியது.
சுரண்டித் தின்றேன்.

பன்னிரண்டு அங்குலம்
பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல்
முட்டுக் கொடுத்து நிற்கிறது.
முதுகில் சிவப்புப் பெயிண்ட்: இதில் சமைக்காதே.
எழுத்து கோணல்.
அவ்வளவு அழகான இரும்பு, கடக்கும்போதெல்லாம்
கால் கொஞ்சம் தயங்குகிறது.

இன்று காலை
முட்டை பாதி வழுக்கியது.